பதினோராம் படியில் ஒரு மேரி

சென்ற சனிக்கிழமை ரொறொன்ரோவில், வோபர்ன் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழா. அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் பார்ட்டி ஹோல். கேக் வெட்டியாகிவிட்டது. சாப்பாடு இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் நம்மவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி. கனடாவுக்கு வந்து ஆறு மாதம்தானாம். என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணைக்கு எங்கை வேலை?"

"டவுன்ரவுனிலை. ஒரு வீட்டிலை."

"கிளீனிங்கோ?"

"முந்தி கிளீனிங். இப்ப வீட்டைக் காட்டுறன்."

நாற்காலியைக் கிட்ட இழுத்தார். "ரியல் எஸ்டேற்றோ அண்ணை? சொல்லவேயில்லை. ரூஜ் பக்கம் எனக்கொண்டு பாருங்கோவன். பேஸ்மென்ற் கட்டாயம் இருக்கோணும்."

"தம்பி, அது விக்கிற வீடில்லை. வீட்டுக்காரர் செத்து நூறு வருஷத்துக்கு மேலை."

"அப்ப இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. சனம் வந்து பாத்திட்டுப் போகும்."

"முழு வீடும் சும்மாவோ கிடக்கு? வாடகைக்கெண்டாலும் விடலாமே."

ஓர் அப்பார்ட்மென்றில் ஏழு பேரோடு படுக்கிற ஆள் வேறு எதைக் கேட்பார்? நியாயமான கேள்விதான். பிறகு அவர் கேட்டதுதான் இந்த வாரப் பத்திக்குக் காரணம் - "வெள்ளைக்காரன்ரை வீட்டை வெள்ளைக்காரனுக்கே விளங்கப்படுத்திற வேலையை உங்களுக்கு என்னெண்டண்ணை தந்தவங்கள்?"

அவருக்குச் சொல்ல நேரமில்லை. சாப்பாட்டு மேசைக்கு ரோல்ஸ் வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் வீடு. பெயர் வேண்டாம்... இன்றைக்கும் அங்கேதான் சம்பளம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தானிய வியாபாரி கட்டியது. லண்டனில் அவர் பிறந்த தெருவில் வீடு எப்படி இருந்ததோ, அச்சொட்டாக அப்படி. லண்டனில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நிலத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அதனால் முகப்பு ஒடுக்கம், உயரம் கூட. மூன்று யன்னல் அகலம், மூன்று மாடி உயரம், எல்லாவற்றுக்கும் கீழே நிலத்துக்குள் புதைந்து சமையலுக்கென்று ஒரு குசினி. பக்கச் சுவர்களில் யன்னலே கிடையாது. பக்கத்து வீடு வந்து ஒட்டத்தானே போகிறது, யன்னல் வைத்து என்ன பிரயோசனம்?

சரி, அப்போது ரொறொன்ரோவில் இவருக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? மரம். அதற்குப் பக்கத்தில்? இன்னும் மரம். அவ்வளவு நிலம் சும்மா கிடக்க, மனிதர் சன நெரிசலில் கையைக் காலைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறவர் மாதிரி வீடு கட்டியிருக்கிறார். பக்கத்து வீடு கடைசிவரை வரவில்லை. இன்றைக்கு ஒரு பக்கம் கார் நிறுத்துகிறார்கள். மறுபக்கம் டோனட் கடை.

முகப்பில் இன்னொரு கூத்து இருக்கிறது. மேல்மாடியில் மூன்று யன்னல். அதில் ஒன்று பொய். உள்ளே ஒரு தடுப்புச் சுவர் குறுக்கே வந்துவிட்டதால் அந்த இடத்தில் யன்னல் வைக்க முடியவில்லை. ஆனால் கீழே மூன்றும் மேலே இரண்டும் என்றால் கணக்கு உதைக்குமே. என்ன செய்தார்? செங்கல்லால் அடைத்து, சட்டமும் கண்ணாடியும் மாதிரி பெயின்ற் அடித்துவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் யன்னல். உள்ளே போய்ப் பார்த்தால் சுவர். அந்தக் காலத்து ஆங்கிலேய வீட்டுக்கு இதுதான் சட்டம் - வெளியே எல்லாம் வரிசையாக, ஒழுங்காக, ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் இருட்டில் முட்டிக்கொண்டால் அது அவர் பாடு.

சிரிக்கிறீர்களா? டோர்செட் பார்க் பகுதியில் நான் இருந்த கட்டடத்தில் ஒன்பதாம் மாடி பல்கனியில் ஒருவர் ஆட்டுக்கல் வைத்திருந்தார். மாவரைக்க அல்ல. சும்மா இருக்கட்டும் என்று. ஊரைவிட்டு வந்தவன் எவனும் புது வீடு கட்டுவதில்லை. விட்டுவிட்டு வந்த வீட்டைத்தான் திரும்பக் கட்டிப் பார்க்கிறான்.

நான் அந்த வீட்டுக்குள் போனது மொப்பும் வாளியுமாக. எண்பத்து நாலாம் ஆண்டு. வாரத்தில் மூன்று நாள் துப்புரவு வேலை. அதற்கு முன்னைய வருடம் ஆடி மாதம்வரை நானும் என் மனைவி தவமணியும் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு கொம்பனியில் கிளார்க். அந்த ஆடிக் கலவரத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பத்தி படிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அவள் அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போனாள். நான் சுற்றிச் சுழன்று ரொறொன்ரோ வந்தேன்.

அவளை இங்கே கூப்பிட வேண்டும். இமிகிரேஷனில் இருந்த அதிகாரியம்மா என் தாள்களைப் புரட்டிவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார் - "மூன்று நாள் வேலை போதாது. நிரந்தர வேலை என்று முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவாருங்கள்." ஒரேயொரு கடிதம். அது கிடைத்தால் தவமணி இங்கே. கிடைக்காவிட்டால் அவள் அங்கே, செல் குண்டு விழுகிற ஊரில்.

மியூசியமாகிவிட்ட அந்த வீட்டின் பொறுப்பாளர் மிஸ் வெல்டன். அறுபது வயது, உயரம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. நல்ல மனுஷி. ஆனால் ஒரு கொள்கை வைத்திருந்தார்: "இந்த வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும்." யார் என்ன சொன்னாலும் அடுத்த கேள்வி, "ஆதாரம்?" ரீ ஆறிவிட்டது என்றால்கூட ஆதாரம் கேட்பாரோ என்று எனக்குப் பயம்.

இரண்டு வருடம் கழித்து, வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த கைட் கிழவர் ஓய்வுபெற்று புளோரிடா போனார். நான் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு மிஸ் வெல்டனிடம் போய், "அந்த வேலையை நான் செய்யட்டுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு பதினான்கு பக்கம் டைப் அடித்த ஸ்கிரிப்ட் ஒன்றைத் தந்தார். ஒரு மாதம் தவணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை நடத்தும் கமிட்டிக்காரர் ஐந்து பேர் வருவார்கள். அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம்.

பதினான்கு பக்கமா? யாழ்ப்பாணத்தில் படித்தவனிடம் பதினான்கு பக்கத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? பாடமாக்குவான்.

பாடமாக்கினேன். காலையில் சப்வேயில், பின்னேரம் மொப் அடித்துக்கொண்டு. என்னோடு அறையில் இருந்த சிவபாலன் என்ற பெடியன் ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பார்ப்பான். பிசகினால், "அண்ணை, திரும்பவும் முதலிலை இருந்து." எங்கள் ஊர் ரியூட்டறி வகுப்புப் பழக்கம். இந்த முறையில் ஒரேயொரு குறை உண்டு. இடையில் யாராவது குறுக்கிட்டால் பாட்டு அறுந்துவிடும். மறுபடி முதல் வரியிலிருந்துதான் ஓடி வர வேண்டும்.

குறை ஒன்றல்ல, இரண்டு. மிஸ் வெல்டனுக்கு முன்னால் ஒத்திகை நடந்தபோதுதான் இரண்டாவது தெரிந்தது. வரவேற்பறையில் நின்று கம்பீரமாகச் சொன்னேன்: "ஒருமுறை இங்கே நடந்த விருந்தில் பத்துப் பேர் உட்காரக்கூடிய மேசையில் பதினாறு பேர் உட்கார்ந்தார்கள். முழங்கைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள் போலும். இங்கே சிரிப்புக்காகச் சற்றுக் காத்திருக்கவும்."

மிஸ் வெல்டன் அசையாமல் நின்றார். "காத்திருக்கிறேன்" என்றார்.

அடைப்புக்குறிக்குள் இருந்ததெல்லாம் கைட்டுக்கான அறிவுறுத்தலாம். அதையும் சேர்த்துப் பாடமாக்கியிருக்கிறேன். 'இடது கையால் சுட்டிக்காட்டவும்', 'வயதானவர்களுக்குக் கதிரை தரவும்' - எல்லாம் வாயால் வருகிறது. வீட்டுக்கு வந்து சிவபாலனைப் பிடித்தேன். "ஏனடா, நீ தாளைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனீ?"

"தாளிலை இருந்ததுதானே அண்ணை நீங்கள் சொன்னது" என்றான். அதற்கு என்ன மறுமொழி சொல்ல? அன்றிரவே அடைப்புக்குறிகளை மறக்கப் பாடமாக்கினேன். அது பாடமாக்குவதைவிடக் கஷ்டம்.

அந்த ஞாயிறு வந்தது. முதல்நாள் முழுக்க உறைமழை. ரொறொன்ரோ முழுவதும் கண்ணாடிக் கடை மாதிரி. அந்த வீட்டின் முன்வாசலில் ஐந்து கல்படிகள். விரல் மொத்தத்துக்குப் பனிக்கட்டி. உப்புப் போடலாமே என்கிறீர்களா? கூடாது. உப்புப் பட்டால் பழைய கல் அரித்துவிடும். கல் தப்பினால் போதும், கமிட்டிக்காரர் விழலாம் என்று விடவும் முடியாது. ஐந்து பேரில் இளையவருக்கே எழுபது இருக்கும். மிஸ் வெல்டன் "பின்பக்கக் குசினிக் கதவால் கூட்டி வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வந்தது ஆபத்து. என் பாடம் முன்வாசலில் தொடங்குகிறது.

ஐந்து பேரும் குசினிக்குள் வந்து நின்றார்கள். கைத்தடி வைத்த ஒரு பெரியவர், ஊதாத் தொப்பி போட்ட ஓர் அம்மா, இன்னும் மூவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"வணக்கம். தயவுசெய்து கதவுக்கு மேலே பாருங்கள்."

முன்வாசல் கதவுக்கு மேலே விசிறி மாதிரி விரிந்த அரைவட்டக் கண்ணாடி உண்டு. ஸ்கிரிப்டில் அதற்கு மூன்று வரி வர்ணனை. குசினிக் கதவுக்கு மேலே ஒரு குழாய். அதில் நான் காயப்போட்ட மொப். ஐந்து பேரும் தலையை நிமிர்த்தி மொப்பைப் பார்த்தார்கள். ஊதாத் தொப்பி அம்மா, "மிக அழகு" என்றார். நல்ல வளர்ப்பு.

நான் நின்றுவிட்டேன். குசினியைப் பற்றிய பகுதி பதின்மூன்றாம் பக்கம். அங்கே போவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதல் பக்கத்திலிருந்து மனதுக்குள் ஓடத் தொடங்கினேன். கண்ணை மூடி, உதட்டை அசைத்து... அரைவட்டக் கண்ணாடி, நடை, பெரிய படிக்கட்டு, வரவேற்பறை...

"ஜெபம் செய்கிறாரா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார் மிஸ் வெல்டன். அவர் குரல் இறங்கியிருந்தது.

அந்த நேரம் கைத்தடிப் பெரியவர், பொறுமை இல்லாதவர், தடியால் மூலையைக் காட்டினார். "அந்த ஒடுக்கமான படிக்கட்டு எங்கே போகிறது?" ஆறாம் பக்கத்தில் நின்ற என் பாட்டு அறுந்தது.

அது வேலைக்காரர் படிக்கட்டு. ஸ்கிரிப்டில் அதற்கு ஒரு வரிதான். ஆனால் அந்தப் படியை எனக்குத் தெரிந்த மாதிரி அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? பழைய சுவரை உடைக்கக் கூடாது என்று மேலே தண்ணீர்க் குழாயே போடவில்லை. இரண்டு வருடமாக நான் கீழே வாளியை நிரப்பி அந்தப் படியால்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன்.

"ஐயா, இது மேலே படுக்கையறைக்குப் போகிறது. நாற்பத்தொரு படி. முன்னால் உள்ள பெரிய படிக்கட்டில் ஒவ்வொரு படியும் தாழ்வு, அகலம். ஏனென்றால் சீமாட்டியின் நீளப் பாவாடை தடக்கக் கூடாது. பின்னால் உள்ளது செங்குத்து. ஏனென்றால் இதில் ஏறுகிறவளுக்குத் தடக்கினால் யாருக்கும் கவலையில்லை. விருந்தாளி ஒருமுறைகூட இவளைப் பார்க்காமல் போக வேண்டும் என்றுதான் ஒரே வீட்டுக்குள் இரண்டு படிக்கட்டு. பதினோராம் படி மற்றப் படிகளைவிட இரண்டு விரல் உயரம். கட்டியவன் கணக்கை விட்டுவிட்டான். கையில் வாளி இருந்தால் அந்த இடத்தில் கட்டாயம் தண்ணீர் சிந்தும். ஏறி வந்து குனிந்து பாருங்கள், இடது மூலையில் பலகை கறுத்திருக்கிறது. அவ்வளவு கறுப்பு இரண்டு வருடத்தில் வராது. எனக்கு முன்னால் யாரோ நிறைய நாள் சிந்தியிருக்கிறார்கள்."

ஐந்து பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். முழங்கால்கள் நெறுநெறுத்தன. ஊதாத் தொப்பி அம்மா நிமிர்ந்து கேட்டார்: "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?"

சுவரில் மாட்டியிருக்கும் படத்துக் குதிரையின் பெயர்கூட ஸ்கிரிப்டில் இருக்கிறது. வேலைக்காரியின் பெயர் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு கடிதம் கண்ணுக்கு முன்னால் ஆடியது. கேள்விக்கு விடை எழுதாமல் விட்டால் புள்ளி இல்லை என்று பழகிய மூளை.

"மேரி" என்றேன்.

மிஸ் வெல்டனின் கண்ணாடி மூக்குக்கு ஏறியது.

"எப்படிப்பட்டவள்?" என்றார் ஊதாத் தொப்பி அம்மா.

இனி எங்கே நிறுத்துவது? "இடது கையில் வாளி. வலது கை சுவரில். நாலாம் படியில் ஒருமுறை நிற்பாள். களைத்து அல்ல, வாளியோடு சண்டை பிடிக்க. 'ஏன் இப்படிக் கனக்கிறாய்?' என்று கேட்பாள். தண்ணீர் சிந்தினால் படி கட்டியவனைத் திட்டுவாள். கொஞ்சம் கோபக்காரி. யாராவது உதவிக்கு வந்தால், 'உங்கள் வேலையைப் பாருங்கள்' என்பாள். மேலே போய் வாளியை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்."

அந்தப் பெருமூச்சை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தை மாடியில் குழாயில் தண்ணீர் வராது. தவமணி கீழே பிடித்து வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் மேலே என்ன செய்தேன்? பேப்பர் படித்தேன். மூன்று வருடமாகிவிட்டது, அந்தச் சத்தத்தைக் கேட்டு. வெட்கம் பார்க்காமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. ஊதாத் தொப்பி அம்மா கைக்குட்டையை எடுத்தார். கைத்தடிப் பெரியவர், "வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு ரீ எங்கே என்று கேட்டார்.

வேலை கிடைத்தது. கடிதமும் கிடைத்தது.

அவர்கள் போனபின் மிஸ் வெல்டன் கேட்டார், நான் எதிர்பார்த்ததைத்தான். "மேரிக்கு ஆதாரம்?"

"பழைய கைட் சொன்னவர்" என்றேன். அந்த மனிதர் புளோரிடாவில் மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார். விலாசம் யாருக்கும் தெரியாது. பாவம், என்னால் அவருக்கு ஒரு பொய் சேர்ந்தது.

அதன்பிறகு மேரி வளர்ந்தாள். ஸ்கிரிப்டில் அவளுக்கு ஒரு முழுப் பக்கம் வந்தது. படிக்கட்டடியில் ஒரு பழைய மரவாளி வைத்து, 'மேரியின் வாளி' என்று எழுதி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேரியைப் படம் கீறி அனுப்பினார்கள். எல்லாப் படத்திலும் செம்பட்டை முடி. யார் சொன்னது? நான் இல்லை. ஒருநாள் ஒஷாவாவிலிருந்து ஒரு பெண்மணி வந்து, மேரி தன் பாட்டியின் பாட்டி என்று சொல்லி, வாளியைத் தடவிக் கண்கலங்கினார். "அந்தக் கோபம் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது" என்றார். அவர் கணவர் தலையாட்டினார்.

நான் ஒவ்வொரு நாளும் நாலு தடவை மேரியைச் சொன்னேன். முதல் மாதம் நெஞ்சு குறுகுறுத்தது. ஆறாம் மாதம் நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

இந்த வருடம் சித்திரையில் தவமணி வந்தாள். விமான நிலையத்தில் நாலரை வருடக் கதையையும் கதைத்து முடித்துவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் வாயில் வந்தது, "மெலிஞ்சு போனீர்", "நீங்களும்தான்." அவ்வளவுதான்.

இரண்டாவது ஞாயிறு வேலையிடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். என் லீவு நாள். வீட்டைக் காட்டியது ஜெனி என்ற பல்கலைக்கழகப் பிள்ளை. என் ஸ்கிரிப்ட்தான். நான் தவமணிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பொய் யன்னலைப் பார்த்து, "வேலை மெனக்கெட்டவன்" என்றாள். பின்படிக்கு வந்தோம். ஜெனி மேரியைத் தொடங்கினாள்.

"உதிலை ஒரு வேலைக்காரப் பிள்ளை தண்ணி தூக்கினதாம்" என்று சுருக்கப் பார்த்தேன்.

"வீடு காட்டுற பிள்ளை நிறையக் கதைக்குது. நீங்கள் கொஞ்சமாச் சொல்லுறியள். முழுக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். இடது கை. நாலாம் படி. வாளியோடு சண்டை. பெருமூச்சு. தவமணியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"உதவிக்கு ஆரும் வந்தால் வேண்டாம் எண்டிடுவாவாம்..."

"ஆர் வந்தது உதவிக்கு?" என்றாள்.

அவள் ஜெனியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், அதில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். மேரி என்று வாசிக்கும் அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் தெரியும்.

"தூக்கினது நான். பேர் ஆருக்கோ. என்ரை பேரைச் சொல்ல உங்களுக்கு வெக்கமோ?"

"அப்பிடியில்லையப்பா. உம்மைக் கூப்பிடத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"அப்ப நான் வந்திட்டன். இனிப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

"வேலை போயிடும்."

"போகட்டும். வேறை வேலை தேடலாம். நான் உயிரோடை இருக்கேக்கை வேறையொருத்தியின்ரை பேரிலை தண்ணி தூக்கமாட்டன்."

நாலரை வருடம் அவளைக் கூப்பிட அலைந்தது இதைக் கேட்கத்தானா? ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை. மறுநாள் திங்கட்கிழமை வீடு பூட்டு. மிஸ் வெல்டன் வேலை ஒன்றும் இல்லாமல் தனியாக ரீ குடிக்கும் நாள். போய் நின்றேன். மேரி என்று ஒருத்தியும் இல்லை, புளோரிடாக் கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நானாகச் சொன்னது என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஸ்கிரிப்டை எடுத்து, மேரியின் பக்கத்தைக் கழற்றி, நான்காய் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"நீங்கள் இருக்கலாம். மேரி போகட்டும்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினேன்.

"ஆனால் அந்தப் பலகை கறுத்திருப்பது உண்மை. வாளியை இடது கையில் பிடித்து நாலாம் படியில் நிற்கிற ஒருத்தி... அதை நீங்கள் எங்கோ பார்க்காமல் சொல்லியிருக்க முடியாது. யார் அவள்?"

"என் மனைவி."

"ஆதாரம்?"

"வீட்டில் இருக்கிறாள். கூட்டி வரட்டுமா?"

அடுத்த திங்கள் தவமணி வந்தாள். நல்ல சேலை உடுத்து, அதன்மேல் நான் வாங்கிக் கொடுத்த கோட். மிஸ் வெல்டன் கைகுலுக்கினார். பிறகு மிகவும் மரியாதையாக, வாளியில் தண்ணீர் நிரப்பி, அதை அவள் எப்படித் தூக்குவாள் என்று ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டார். அந்தக் காலத்து வேலைக்காரியின் பெயர் தெரியாது என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடலாமாம். தூக்கிய விதத்தையாவது ஆதாரத்தோடு எழுத வேண்டுமாம். நான் மொழிபெயர்த்தேன். தவமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோட்டைக் கழற்றி என் கையில் தந்தாள்.

ஏறினாள். மிஸ் வெல்டன் குறிப்பேடும் பென்சிலுமாகப் பின்னால். எட்டாம் படியில் என்னால் பொறுக்க முடியவில்லை. வாளியைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீர்கள்" என்றார் மிஸ் வெல்டன். "ஆதாரம் கலைந்துவிடும்."

வாழ்க்கையில் முதல்முறை உதவிக்குப் போகிறேன். அதுவும் நடக்கவில்லை. பதினோராம் படியில் வாளி ஒருமுறை குலுங்கியது. தண்ணீர் சிந்தியது, அதே கறுத்த மூலையில். மிஸ் வெல்டன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு எழுதினார். நாற்பத்தோராம் படியில் தவமணி வாளியை வைத்தாள். பெருமூச்சு விட்டாள். வீடு முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"வெள்ளவத்தையிலை இருபத்திரண்டு படி. இஞ்சை நாப்பத்தொண்டு. உதுக்குத்தானோ என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டனீங்கள்?"

மிஸ் வெல்டன் பென்சிலை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

"வீடு மிகவும் அழகாக இருக்கிறதாம்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.